18 மீட்டருக்கு மேலே அவர்கள், 10 அடிக்குக் கீழே நாங்கள்

ஓசூரின் உயரமான கட்டடங்கள் எவை என்று வரிசைப்படுத்தும் வீடியோ ஒன்று சில வாரங்களாக எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ட்ரோனில் எடுத்தது. பின்னணியில் சினிமா இசை, திரையில் எத்தனை மாடி, எத்தனை வீடு, சதுர அடி என்ன விலை. நீச்சல்குளம் உண்டு, ஜிம் உண்டு, பெங்களூருக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்ற கணக்கும் உண்டு. "இது நம்ம ஓசூரா?" என்று கேட்டு முடிகிறது.

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தபோது இந்த வீடியோவை எங்களுக்குக் காட்டியது ஒரு கொத்தனார். காலனிப் பிள்ளைகள் அவரைப் பெரியப்பா என்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஒரு கட்டடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இதுல ஏழாவது மாடி வரைக்கும் நம்ம பையன்தான் சென்ட்ரிங் அடிச்சான்." அதற்கப்புறம்? "அதுக்கப்புறம் மேஸ்திரி கூலியை இழுத்தடிச்சான். வேற சைட்டுக்குப் போயிட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவர் உட்கார்ந்திருந்தது தன் தொகுப்பு வீட்டின் வாசலில். உள்ளே கூரையில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. காரை தலையில் விழாமல் இருக்க, சிலாப்புக்கு அடியில் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். வீட்டில் ஏழு பேர். மூத்த மகனும் மருமகளும் உள்ளே, மற்றவர்கள் திண்ணையிலும் வாசலிலும். மழை வந்தால் எல்லோரும் உள்ளே, தார்ப்பாய்க்கு அடியில்.

பட்டியல் போட்டவருக்கு இந்த வீட்டை எண்ணத் தோன்றவில்லை. நாங்கள் எண்ணிப் பார்க்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். உயரமான கட்டடங்களே கெடுதல், கிராமத்து ஓட்டு வீடுதான் அழகு, கான்கிரீட் வந்து மண்ணைக் கெடுத்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் எழுதுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. கிராமத்தின் அழகு எங்களுக்கு நன்றாகத் தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தோம் என்பதுதான் வேறு. எங்களுக்கு மாடி வேண்டும். இந்தப் பகுதியில் யாரைவிடவும் எங்களுக்குத்தான் மாடி வேண்டும். அது எப்படி மறுக்கப்படுகிறது என்பதைத்தான் எழுதுகிறோம்.

சட்டப்படி உயரமான கட்டடம் எது? 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் கீழே இருக்கும் கட்டடத்தில், எல்லா மாடிகளையும் சேர்த்து மனையின் பரப்பைப் போல 2 மடங்கு கட்டிக்கொள்ளலாம். உயர்மாடி என்றால் 3.25 மடங்கு. இன்னும் வேண்டுமா? சாலையின் அகலத்தைப் பொறுத்து, அரசுக்குப் பணம் கட்டி 'பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.' என்று கூடுதல் பரப்பை வாங்கிக்கொள்ளலாம். அதாவது உயரம் அரசு கொடுக்கிற ஒன்று. பெரிய மனை இருப்பவனுக்கு, அகலமான சாலை இருப்பவனுக்கு, பணம் கட்ட முடிந்தவனுக்கு அரசே ஆகாயத்தை அளந்து பட்டா போடுகிறது.

எங்களுக்கு அரசு அளந்து கொடுத்தது மண்ணை. அதையும் சென்ட் கணக்கில். இந்தப் பகுதியில் உள்ள பல காலனிகள் ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்து மனை பிரித்துக் கொடுத்தவை. இதற்கென்றே 1978இல் ஒரு நில எடுப்புச் சட்டம் வந்தது. 'அரிசன நலத் திட்டங்களுக்கான' சட்டம் என்றுதான் இன்றும் அதன் பெயர். அந்தச் சொல் வேண்டாம் என்று நாம் எத்தனை வருடம் சொன்னாலும் சட்டப் புத்தகத்தின் காதில் ஏறவில்லை. குடும்பத்துக்கு இரண்டு சென்ட், மூன்று சென்ட். மூன்று சென்ட் என்றால் 1,300 சதுர அடி சொச்சம். முதல் தலைமுறைக்கு அது போதும். அந்த மனையில் பிறந்த இரண்டு மகன்களுக்கும் கல்யாணமாகி, அவர்களுக்குப் பிள்ளைகளும் பிறந்த பிறகு?

ஊர்க்காரருக்கு இந்தக் கேள்வி வராது. அவருக்குக் கொல்லை உண்டு, களம் உண்டு, ஒரு மகனை நிலத்தில் குடிவைக்கலாம். காலனிக்கு ஒரு பக்கம் ஊராரின் பட்டா நிலம். அதை எங்களுக்கு விற்க மாட்டார்கள், விற்றாலும் சிப்காட் வந்த பிறகு அந்த விலையை எட்ட முடியாது. இன்னொரு பக்கம் தொழிற்சாலை காம்பவுண்டு. மற்றொரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை 44. அகலத்தில் வளர வழியே இல்லை. மிச்சம் இருப்பது மேலே. ஏழு பேர் இருக்கும் வீட்டில் மேலே ஒரு அறை போட முடிந்தால், மருமகள் உடை மாற்றுவதற்கு மாமனார் வெளியே போக வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பெண் தெருவிளக்குக்குக் கீழே படிக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் ஆடம்பரம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

இங்கேதான் தொகுப்பு வீட்டின் கதை வருகிறது. கட்டட வேலை தெரியாதவர்களுக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம், அதனால் விளக்கமாகவே சொல்கிறோம்.

அரசு கட்டிக் கொடுத்த பழைய தொகுப்பு வீடுகளுக்குப் பெரும்பாலும் பில்லர் கிடையாது. சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அடித்தளம் ஒரு தளத்துக்கு மட்டும் போட்டது. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 20 சதுர மீட்டர், 215 சதுர அடி. 2011இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளில் நாங்கள் 145 சதுர அடி முன்னேறியிருக்கிறோம். சரி, முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே ஒரே தளம். எதிர்காலத்தில் இவன் மேலே ஒரு மாடி எழுப்புவான் என்ற நினைப்பு எந்தத் திட்ட வரைபடத்திலும் இல்லை.

கட்டட வேலையில் இருப்பவன் தன் வீட்டைக் கட்டும்போது முதலில் என்ன செய்வான்? கையில் காசு இல்லாவிட்டாலும் பில்லரைப் போட்டு, கூரைக்கு மேலே கம்பியை மூன்றடி நீட்டி விடுவான். இன்றைக்கு முடியவில்லை, நாளைக்கு மகன் எழுப்புவான் என்று அர்த்தம். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் கம்பிகளைப் பார்க்கலாம். தொகுப்பு வீட்டுக் காலனிக்குப் போய்ப் பாருங்கள். கூரை மொழுக்கென்று இருக்கும், ஒரு கம்பி நீட்டியிருக்காது. இவர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று பொறியாளர் வரைந்து, அதிகாரி கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தக்காரர் அதிலும் கொஞ்சம் சிமெண்டைக் குறைத்துக் கட்டிய வீடு அது.

"மேலே ஒரு ரூம் போட முடியுமா பெரியப்பா?" என்று கேட்டோம். சுவரை விரல் முட்டியால் தட்டினார். "இதுக்கு மேல ஒரு வரிசை செங்கல் ஏத்துனா, கீழ படுத்திருக்கிறவன் நேரா சாமிகிட்ட போயிருவான்" என்றார். பதினைந்து மாடிக்குக் கம்பி கட்டத் தெரிந்தவர் சொல்கிறார்.

அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று வந்த 'மூக்நாயக்' முதல் இதழில் இந்து சமூகத்தைப் படிக்கட்டு இல்லாத பல மாடிக் கோபுரத்தோடு ஒப்பிட்டதை இந்தப் பக்கத்தை வாசிக்கும் தோழர்கள் அறிவார்கள். அதை உவமை என்றுதான் எல்லோரும் மேடையில் சொல்கிறோம். தொகுப்பு வீட்டில் அது உவமை இல்லை. அங்கே நிஜமாகவே படிக்கட்டு கிடையாது.

இனி, எப்படியோ காசு சேர்த்துப் பழைய வீட்டை இடித்துவிட்டு, பில்லர் போட்டு மாடி கட்டுகிறவர்களைப் பற்றி. இப்படிப் பலர் இருக்கிறார்கள். பெங்களூரு வேலைதான் அந்தக் காசைக் கொடுத்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் குருபரப்பள்ளி கூட்ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும், கையில் டிபன் கேரியரும் தோளில் பையுமாக எத்தனை பேர் ஓசூர் வண்டிக்கும் பெங்களூரு வண்டிக்கும் நிற்கிறார்கள் என்று. வாரம் முழுக்க சைட்டிலேயே தகர ஷெட்டில் தங்கி, சனிக்கிழமை கூலியோடு திரும்புகிறார்கள். உள்ளூர் நிலக்காரனிடம் கூலிக்குக் கை நீட்ட வேண்டியதில்லை என்பதுதான் அந்த வேலையின் முதல் லாபம். அந்தக் காசில் சுவர் எழும்பும்போது ஊர்த்தெருவிலிருந்து ஒரு கேள்வி வரும். "என்னப்பா, எங்க வீட்டையே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கட்டுற போல?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். அந்தச் சிரிப்பின் நீளம் எவ்வளவு என்று நத்தம் காலனிக்காரர்களைக் கேளுங்கள்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதுவரை நாங்களும் தர்மபுரி மாவட்டம்தான். 2012 நவம்பர் 7 அன்று அந்தத் தர்மபுரியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன, சூறையாடப்பட்டன. இளவரசனும் திவ்யாவும் செய்துகொண்ட சாதி மறுப்புத் திருமணமும் அதைத் தொடர்ந்து பெண்ணின் தந்தை இறந்ததும்தான் காரணம் என்று செய்தி எழுதினார்கள். அது தீப்பெட்டி. எரிந்தது எது என்று பார்க்க வேண்டாமா? அந்த மக்களில் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்தவர்கள். கான்கிரீட் வீடு கட்டியவர்கள். பீரோவை உடைத்து நகையை எடுத்தார்கள். டிவி, பிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் என்று தேடித் தேடிக் கொளுத்தினார்கள். சான்றிதழ்கள் எரிந்தன. ஒரு காதல் திருமணத்தின் மேல் கோபம் வந்தவன் பக்கத்து வீட்டு மிக்ஸியை ஏன் உடைக்கிறான்? எட்டு மாதம் கழித்து, 2013 ஜூலை 4 அன்று, இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார்.

அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு இதே பாடம் தெற்கே நடத்தப்பட்டது. கொடியன்குளம், 1995 ஆகஸ்ட் 31. அங்கே வந்தது ஊர்க் கும்பல் இல்லை, சீருடை அணிந்த போலீஸ், நூற்றுக்கணக்கில். கொடியன்குளத்துக்காரர்களில் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள். பாலைவனத்து நகரங்களின் வானளாவிய கட்டடங்களைப் பற்றி உலகமே வாய்பிளக்கிறது. துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நகரங்கள் எழும்பிய காலத்தில் அந்த வெயிலில் உழைத்த காசு ஊருக்கு வந்து நல்ல வீடாக, பீரோவாக, பிள்ளைகளின் படிப்பாக நின்றது. அந்த வீடுகளுக்குள் புகுந்துதான் அடித்து நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டுகளையும் படிப்புச் சான்றிதழ்களையும் அழித்தார்கள். மறுபடி வெளிநாட்டுக்குப் போகாதே, மறுபடி படிக்காதே, மறுபடி கட்டாதே என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அரசாணையிலும் எழுத முடியாது.

ஆக, அடுத்தவனுக்கு எத்தனை மாடி வேண்டுமானாலும் நாம் எழுப்பலாம். பாராட்டுவார்கள், தமிழ்நாட்டு ஆள் நல்ல வேலைக்காரன் என்பார்கள். நமக்கென்று ஒரு மாடி எழுப்பினால்தான் பிரச்சினை.

"அதெல்லாம் கிராமத்துல. அபார்ட்மெண்ட்ல யாரு சாதி பார்க்கிறா? பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாது" என்று ஐ.டி.யில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எங்களிடம் வாதாடினார். நல்ல மனிதர், உண்மையாகவே அப்படி நம்புகிறார். அவருடைய அடுக்ககத்தில் எத்தனை லிஃப்ட் என்று கேட்டோம். நான்கு. வீட்டு வேலைக்கு வரும் அக்கா எதில் வருவார்? சர்வீஸ் லிஃப்டில். குப்பை எதில் போகும்? அதிலேதான். நாய்? கொஞ்சம் யோசித்து, நாய்க்கு இரண்டிலும் அனுமதி உண்டு என்றார். 2023இல் ஐதராபாத்தில் ஒரு குடியிருப்பில், வேலைக்காரர்களும் டெலிவரி ஆட்களும் மெயின் லிஃப்டில் ஏறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று ஒட்டியிருந்த அறிவிப்பின் படம் நாடு முழுக்கச் சுற்றியது நினைவிருக்கலாம். படிக்கட்டே இல்லாத கோபுரத்துக்கு லிஃப்ட் வைத்துவிட்டார்கள், ஆனால் இரண்டாக வைத்துவிட்டார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் 'வெஜிடேரியன் ஒன்லி'. சாதியை நேரடியாகக் கேட்கிற நாகரிகமற்ற வேலையை அந்த இரண்டு சொற்கள் பார்த்துக்கொள்கின்றன.

இன்னொரு எதிர்வாதமும் வரும். உங்கள் மக்களுக்கு அரசே அடுக்குமாடி கட்டிக் கொடுக்கிறதே, பெரும்பாக்கத்தைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தோம். சென்னையின் கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் தலைமுறைகளாக வாழ்ந்த உழைக்கும் மக்களை, அவர்களில் பெருந்தொகை தலித்துகள், நகரத்துக்கு வெளியே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிப் போட்டார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு பிளாக்குகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டம். உயரம்தான். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் எட்டாவது அடுக்கிலிருந்து நிறைமாதப் பெண்ணை எப்படி இறக்குவது என்பதை அங்கே இருக்கும் பெண்கள் சொல்லக் கேட்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போன இடம் இப்போது பல கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வேலையே போனவர்கள் எத்தனையோ பேர். நகரத்துக்குள்ளேயே கட்டினார்களே என்றால், புளியந்தோப்பு கே.பி. பார்க் ஒன்பது மாடிக் கட்டடம் 2021இல் என்ன ஆனது? கையால் தொட்டால் சுவர்ப் பூச்சு மாவாக உதிர்ந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பெரியப்பாவும் பார்த்திருக்கிறார். "அப்படி நான் பூசியிருந்தா மேஸ்திரி அன்னிக்கே என்னை அனுப்பியிருப்பான்" என்றார்.

நாங்கள் கேட்கும் மாடி அந்த மாடி இல்லை. இருக்கிற இடத்தில், எங்கள் மனையில், எங்கள் பெயரில்.

உயரம் உயிரை வாங்கும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 28, சென்னை மவுலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மாலை மழையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் உள் மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளிகள். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர் தரப்பு சொன்னது. அவ்வளவு பெரிய சென்னையில் அந்த இடிக்கு அந்த ஒரு கட்டடம்தான் கிடைத்தது போல. பக்கத்தில் இருந்த அதன் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதை நேரடி ஒளிபரப்பில் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த 61 பேரில் ஒருவரின் பெயராவது தெரியும்? 2024 அக்டோபரில் பெங்களூரு பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடம் மழைக்காலத்தில் இடிந்தபோதும் செத்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் இருந்தார்கள்.

எல்லை தாண்டிப் போகிறவன் செத்தால் என்ன ஆகும்? இது எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. நம் ஆட்கள் பதிவதும் அங்கேதான். வேலை செய்வதோ கர்நாடகத்தில். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நல வரியாகப் போவதும் கர்நாடக வாரியத்துக்கு. அங்கே பதிய வேண்டுமென்றால் அங்கே 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். வாரம் ஒரு சைட் மாறுகிறவனுக்கு யார் சான்று கொடுப்பார்கள்? மேஸ்திரியின் முழுப் பெயர்கூட அவனுக்குத் தெரியாது, போன் நம்பர்தான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சாரம் சரிந்து இறந்தவரின் மனைவி இரண்டு பக்க அலுவலகங்களுக்கும் அலைந்தார். இங்கே போனால் "விபத்து அங்கே நடந்தது" என்றார்கள். அங்கே போனால் "கார்டு அந்த ஊர்க் கார்டு" என்றார்கள். கடைசியில் மேஸ்திரி ஒரு வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்ததுதான் மிச்சம். ஜூஜூவாடி சோதனைச்சாவடி காய்கறி லாரியை மட்டும்தான் நிறுத்தும் என்று நினைத்திருந்தோம், செத்தவனின் இழப்பீட்டையும் நிறுத்துகிறது. நாடு முழுக்க இந்த நல வரி ஆயிரக்கணக்கான கோடியாகச் செலவாகாமல் கிடப்பதையும், சில மாநிலங்களில் அந்தப் பணத்தில் தொழிலாளிகளுக்கு லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கியதாகக் கணக்கு வந்ததையும் பார்த்து உச்ச நீதிமன்றமே கண்டித்தது. தகர ஷெட்டில் வாஷிங் மெஷினை எந்தப் பக்கம் வைப்பது என்று அதிகாரிகள் சொல்லவில்லை.

கட்டி முடித்த பிறகும் உயரமான கட்டடம் நம்மை விடுவதில்லை. அடியில் கழிவுத் தொட்டி இருக்கிறது. நூறு குடும்பத்தின் மலம் சேரும் இடத்தில் அடைப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2013 சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2014இல் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. சமூகநீதி மண் என்று மார்தட்டும் தமிழ்நாட்டில் 1993 முதல் இப்படிச் செத்தவர்களின் அரசுக் கணக்கு மட்டும் இருநூறைத் தாண்டிவிட்டது. உயரத்தின் பட்டியலில் அந்தத் தொட்டியின் ஆழத்தை யாரும் சேர்ப்பதில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. போன மாதம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். மனுவில் கேட்டது மூன்று விஷயம். பழைய தொகுப்பு வீடுகள் ஒவ்வொன்றையும் ஒரு பொறியாளர் நேரில் பார்த்து, குடியிருக்கத் தகுதியா இல்லையா என்று எழுத்தில் தர வேண்டும். இனி ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் அரசுப் பணத்தில் கட்டும் எந்த வீட்டுக்கும் தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடி தாங்கும் அடித்தளமும் பில்லரும், வெளிப்பக்கம் ஒரு படிக்கட்டும் வேண்டும். அதற்கான கூடுதல் செலவை அரசே ஏற்க வேண்டும். ஒரு மனையில் இரண்டு மூன்று குடும்பம் இருந்தால், கீழே ஒருவர் பெயரிலும் மேலே ஒருவர் பெயரிலும் தனித்தனியாக வீட்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். இப்போது என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "உங்க அப்பா பேர்ல ஏற்கெனவே வீடு வாங்கியாச்சு, உனக்குக் கிடையாது." அப்பா வாங்கிய வீட்டில் தார்ப்பாய் கட்டியிருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஓசூரில் அதே ஒரு மனைக்கு மேல் நூறு பேருக்கு நூறு பத்திரம் பதிகிறார்கள், அந்தக் கணக்கு மட்டும் பதிவுத்துறைக்குப் புரிகிறது.

மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரி இரண்டாவது கோரிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "காலனி வீட்டுக்கு மாடிப்படியா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அது புதிதாக இருந்தது. ரசீது கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை.

பதிலுக்காக நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. குருபரப்பள்ளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கமுள்ள காலனிகளில் தொகுப்பு வீடுகளை நாங்களே அளக்கத் தொடங்கியிருக்கிறோம். கொத்தனார்களும் சென்ட்ரிங் வேலை செய்யும் தம்பிகளும்தான் அளக்கிறார்கள். அவர்களைவிடத் தகுதியான ஆய்வாளர் யார் இருக்கிறார்கள்? எந்த ஆண்டு கட்டியது, சுவர் எத்தனை அங்குலம், பில்லர் உண்டா, கூரையில் எங்கே கம்பி தெரிகிறது, எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், எத்தனை குடும்பம் அட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் நடக்கிறது, மற்ற நாளில் அவர்கள் ஓசூரிலோ பெங்களூரிலோ எங்காவது ஒரு பத்தாவது மாடியில் நிற்கிறார்கள். உங்கள் காலனியிலும் அளந்து, கூரையின் போட்டோவோடு அனுப்புங்கள். வருகிற கிராம சபையில் வீட்டு வாரியாக வாசித்துத் தீர்மானம் போடச் சொல்வோம். போட மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் அதே பதிவேட்டில் எழுதச் சொல்வோம்.

ஜெய் பீம்.